இன்னிக்கு நாலு தப்பு

போன வாரம் மல்லேஸ்வரத்தில், மகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க ஒரு ஸ்டேஷனரி கடையில் நின்றிருந்தேன். ஜூன் மாதம். வெளியே பெங்களூருக்கே உரிய சோம்பேறித் தூறல். கடைக்காரர் வேறு யாருக்காகவோ மூலையில் நின்ற பிரவுன் ஷீட் சுருளை எடுத்து மேஜைமேல் உருட்டிவிட்டார். அவ்வளவுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. "ஏனு பேக்கு சார்?", என்ன வேண்டும் என்று அவர் கன்னடத்தில் இரண்டு முறை கேட்ட பிறகு, "பிரவுன் ஷீட்" என்றேன். எட்டாம் வகுப்புக்காரி இப்போது எந்தப் புத்தகத்துக்கும் அட்டை போடுவதில்லை. வீட்டில் என் மனைவி செல்வி அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு, தோசை மடிக்கவா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த வாசனை ஒரு சாயங்காலத்துக்குச் சொந்தம். அப்போது இதே ஊரில் அடுகோடி பகுதியில் இருந்தோம். மாடியில் எங்கள் இரண்டு அறை, கீழே ஒரு வெல்டிங் பட்டறை. பட்டறை ஆறு மணிக்கு மூடினால்தான் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். மகள் கௌதமிக்கு ஐந்தரை வயது. ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களை அன்றைக்குத்தான் பள்ளியில் கொடுத்திருந்தார்கள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அட்டை போட ஆரம்பித்தேன். எனக்கு ஒரு டூல் ரூமில் இன்ஸ்பெக்டர் வேலை. இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று பிரித்து வைக்கிற ஆள், அவ்வளவுதான். அதனால் நான் போடும் அட்டை நாலு பக்கமும் மில்லிமீட்டர் பிசகாது. அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு.

ஒரு புத்தகத்துக்கு நான் அட்டை போட்டு முடிப்பதற்குள் கௌதமி அடுத்ததை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து முடித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். இங்கிலீஷ், கன்னடம், அப்புறம் செடி கொடி படம் போட்ட ஏதோ ஒன்று. கணக்குப் புத்தகத்தையும் விடவில்லை. ராமுவிடம் மூன்று மாம்பழம் இருந்தது என்பதையும் கதை மாதிரியே ருசித்துப் படித்தாள். கடைசிப் புத்தகத்தில் நான் லேபிள் ஒட்டும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணாங் கிளாஸ் முடிஞ்சிடுச்சுப்பா. ரெண்டாங் கிளாஸ் புக்கு எப்போ தருவாங்க?"

நானும் செல்வியும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் டூல் ரூமில் ஒருவர் விடாமல் சொன்னேன். ஆனால் ஒன்றாம் வகுப்பை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்ட பிள்ளை, மிச்சமிருக்கும் பத்து மாதமும் அந்த வகுப்பறையில் என்ன செய்யும் என்ற யோசனை எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்பார்கள். யாரும் இல்லை. நான் கோலார் தங்கவயல்காரன். சுரங்கத்தில் இறங்கியவரின் மகன். தமிழும் இங்கிலீஷும் படிப்பேன், கன்னடம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவேன், ஆனால் கன்னட எழுத்து எனக்கு ஜிலேபிதான். பஸ் நம்பரை வைத்தே இந்த ஊரில் காலம் தள்ளியவன். கௌதமி மூன்றரை வயதில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு, ஓசூர் ரோடு சிக்னலில், முன்னே நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தில் கன்னடத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். நான் யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலில் ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டைக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் படித்து, இரண்டிலும் டாக்டர் பெயர் வேறு வேறு மாதிரி இருக்கிறது என்று குறையும் சொன்னாள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அந்த ரோடு முழுக்க எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. டயர் கடை, பிரியாணி கடை, வாடகைக்கு வீடு, இங்கே சிறுநீர் கழிக்காதே, ஒன்று பாக்கியில்லை.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். நாங்கள் முதலில் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தோம். தெருமுனையில் பழைய பேப்பர் கடை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவளை அங்கே கட்டுகளின் மேல் உட்கார்த்திவிடுவேன். அவளே கிளறி எடுப்பாள். கிழிந்த சமையல் புத்தகம், யாரோ கைவிட்ட விலங்குகள் படப் புத்தகம், கார் ஓட்டுவது எப்படி, எதை எடுத்தாலும் சரி என்பேன். செல்வி ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தாள். அங்கே குழந்தைகளுக்கு வாங்கிப் போட்ட கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் திருப்பி வைப்பாள். செல்விக்கு ஒரு சட்டமும் உண்டு. பிள்ளை படித்து முடித்ததும் கேள்வி கேட்கக் கூடாது. "கதையில இருந்து இன்னா தெரிஞ்சிக்கின?" என்று நான் ஒரு நாள் ஆரம்பித்தபோது, "சாப்ட்டு முடிச்சவங்ககிட்ட இன்னா சாப்ட்டன்னு பரீட்சையா வெப்பீங்க?" என்று வாயை அடைத்துவிட்டாள். அருமையான சட்டம். எல்லா வீட்டுக்கும் பரிந்துரைக்கிறேன்.

ஜூலை மாதம் டைரியில் எழுதி அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர் சவிதா மிஸ் பார்க்க வேண்டுமாம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டை வேறு.

சவிதா மிஸ் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எதற்கும் அவர் பொறுப்பில்லை. கௌதமி யாரையும் படிக்க விடுவதில்லை என்றார். பக்கத்துப் பையன் ஒரு வார்த்தையில் நின்றால், இவள் அந்த வரியை முடித்துவிடுகிறாளாம். கதையில் தொலைந்துபோன நாய்க்குட்டி கிடைத்துவிடும் என்று முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். பாதி வகுப்பு அழுததாம். "பேரே மக்களிகூ சான்ஸ் கொடபேக்கல்வா சார்?" என்றார். மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வாய்ப்புத் தர வேண்டாமா என்று கேட்கிறார். நியாயம்தானே? அத்துடன், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளோக்கே ஹேளி" என்று சிரித்துக்கொண்டே முடித்தார். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அவர் கேட்டது ஒரு குழந்தை தன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். அதற்கு மேல் ஒரு சொல் அவர் கேட்கவில்லை.

ஆனால் அட்ஜஸ்ட் என்ற சொல்லை என்னைப் போன்ற ஆளிடம் சொல்லக் கூடாது. நான் வேலைக்கு வந்த முதல் ஆறு வருஷம் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவன். விடியற்காலையில் ஏறினால், மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலு பேர் உட்காருவோம். பங்காருப்பேட்டையில் ஐந்தாவது ஆள் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார். நகர்ந்து உட்காருகிற ரகம் ஒன்று உண்டு. நகருகிற மாதிரி பாவனை மட்டும் செய்கிற ரகம் ஒன்று உண்டு. நான் மூன்றாவது ரகம். எழுந்தே நின்றுவிடுவேன். அப்புறம் வீடு பார்க்க அலைந்த காலத்தில், மீன் குழம்பு வைக்க மாட்டோம் என்று வீட்டுக்காரர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னவன் நான். அவர், "நமக்கும் மீன் இஷ்டம் சார்" என்றார். காவிரித் தண்ணீர்த் தகராறு கிளம்பும் நாட்களில் பஸ்ஸில் செல்வியிடம் கன்னடத்தில் பேசுவேன். அவள் பதிலே பேச மாட்டாள். யாராவது முகம் சுளிப்பதற்குள் நானே ஒதுங்கிவிடுவதில் எனக்கு நல்ல கைத்தேர்ச்சி இருந்தது. அதைப் பெரிய குணம் என்றுகூட நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

"விரலை வெச்சிக்கோ. ஒவ்வொரு எழுத்தா கூட்டணும். பெரிய வார்த்தை வந்தா நின்னுடு. நடுவுல ஒண்ணு ரெண்டு தப்பு விடு."

"தப்பா படிச்சா மிஸ் திட்டுவாங்களே?"

"எல்லாரும் அப்டித்தான படிக்கறாங்க? திட்ட மாட்டாங்க."

"பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்ன?"

"இது பொய் இல்ல கண்ணு. அட்ஜஸ்ட்."

அடுப்படியிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள். "இது இன்னாங்க கூத்து?" என்றாள். எல்லாம் ஒரு மாசம்தான், பழகிவிட்டால் சரியாகப் போகும் என்றேன். குரலில் அவ்வளவு உறுதி இருந்ததால் அவளும் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். உறுதியாகப் பேசுவதில் நான் அப்போதே கெட்டிக்காரன்.

எதைக் கொடுத்தாலும் முழுசாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை. இதையும் முழுசாகக் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் இர்ஃபான் என்று ஒரு பையன் உட்காருவான். அவன் எப்படிப் படிக்கிறான் என்று கவனித்துக்கொண்டு வந்து எனக்குச் செய்து காட்டுவாள். "அம்ப்ரெல்லான்னு வந்தா இர்ஃபான் மேல ஃபேனைப் பார்ப்பான்பா. நானும் பார்த்தேன்." ஸ்கூட்டரில் ஏறியதும் முதல் பேச்சே அதுதான்.

"இன்னிக்கு நாலு தப்புப்பா!"

"சபாஷ்! மிஸ் இன்னா சொன்னாங்க?"

"ட்ரை அகெய்ன்னு சொன்னாங்க. இன்னொரு வாட்டி படிச்சி அதுல ரெண்டு தப்பு."

நாலு தப்புக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பல வருஷமாகச் சரியில்லாததைப் பொறுக்கி எடுத்து ஒதுக்குவதற்குச் சம்பளம் வாங்கியவன், வீட்டில் தப்புக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன். டைரியில் புகார் வரவில்லை. எனக்குப் பரம திருப்தி.

கணேச சதுர்த்தி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் டைரியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஸ்பெஷல் கிளாஸுக்கு கௌதமியைச் சேர்த்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள், ஸ்டெல்லா மிஸ் நடத்துவார். நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். டீ நேரத்தில் நண்பர்களிடம், "டீச்சருங்களையே ஏமாத்திட்டா பாரு எம்பொண்ணு" என்று பீற்றிக்கொண்டேன். எப்படியும் ஆண்டுப் பரீட்சையில் உண்மை தெரிந்துவிடும், அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு எண்ணம்.

என் சிரிப்பு அத்திபெலேயில் நின்றது. கூட வேலை பார்த்தவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் கௌதமியும் மட்டும் ஸ்கூட்டரில் போனோம். ஓசூர் ரோட்டில் மாநில எல்லையான அந்தக் கடைசி வரை போனால் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் ஒரே போர்டில் முண்டியடிக்கும். முன்பெல்லாம் அவளுக்கு அது திருவிழா. அன்றைக்கு அடுகோடியிலிருந்து அத்திபெலே வரை பிள்ளை வாய் திறக்கவில்லை. தூக்கம் வருகிறதோ என்று குனிந்து பார்த்தேன். கண் விழித்துத்தான் இருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் மண்டபத்துக்கு வழிகாட்டி அம்புக்குறி போட்ட பலகைகள் இரண்டு நின்றன. இரண்டும் கன்னடம். எனக்குத் தெரியாது.

"எது நம்ம மண்டபம்னு பாரு கண்ணு."

விரலைக் காற்றில் நீட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தொடுகிற மாதிரி அசைத்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தெரியலப்பா. நீட்டமா இருக்கு."

"அடிப்பாவி, அதெல்லாம் ஸ்கூல்லதான். அப்பாகிட்ட வேணாம்."

"இல்லப்பா. இப்போ இப்டித்தான் வருது."

வண்டியை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடுகிற முகமா என்று தேடினேன். தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து, இது நடிப்பா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாமல் ஒருவன் நடுரோட்டில் நின்றான் என்றால் அது எவ்வளவு பெரிய பயம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நடிப்பு என்றால், என்னிடமும் நடிக்கிற அளவுக்கு அவளைத் தள்ளிவிட்டேன். நிஜம் என்றால், யாரும் கொடுக்காமலே அவளுக்கு வந்த ஒன்றை நான் கையால் எடுத்துவிட்டேன். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. கௌதமியின் புத்தக அலமாரியைக் காட்டினாள். கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ஒரு கதைப் புத்தகம் பத்து நாளாகத் திறக்காமல் அப்படியே இருந்தது. "கத்துக்குடுத்தது நீங்க. போயி நீங்களே சொல்லுங்க" என்றாள். டூல் ரூமில் எத்தனையோ பாகங்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. தெரியாமல் கெடுத்தவர்கள் உண்டு, அவசரத்தில் கெடுத்தவர்கள் உண்டு. நன்றாக இருப்பதை உட்கார்ந்து அரத்தால் ராவி ரிஜெக்ட் ஆக்கியவனை நான் அங்கே பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் ஸ்டெல்லா மிஸ்ஸின் அறை வாசலில் நின்றேன். அறை என்றால், விளையாட்டுச் சாமான் வைக்கும் இடத்தைத் தடுத்து எடுத்தது. உள்ளே ஒரு பாய், ஆறு சின்ன நாற்காலி, ரப்பர் பந்து வாசனை. மிஸ்ஸுக்கு ஐம்பது வயது இருக்கலாம். நான் இங்கிலீஷில் ஆரம்பித்துத் திணறுவதைப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன்.

"எம்பொண்ணுக்கு நல்லா படிக்கத் தெரியும் மிஸ். நான்தான் தெரியாத மாதிரி இருக்கச் சொன்னேன்."

மிஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், இந்த ரூமுக்கு வர்ற எல்லா அப்பாவும் இதத்தான் சொல்றாங்க. வீட்ல சூப்பரா படிக்கும், இங்கதான் வரலன்னு. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மெதுவா வந்துடும்."

நான் மறுபடி சொன்னேன். விரல் வைக்கச் சொன்னது, தப்பு விடச் சொன்னது, கடலை மிட்டாய் வரை. ஒரு பொய்யை ஊர் நம்புகிற வேகத்தில் உண்மையை நம்புவதில்லை என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில், என்னைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைக்கிறேன், கௌதமியை வகுப்பிலிருந்து அழைத்துவரச் சொன்னார். ஒரு பூனைக் கதையைக் கையில் கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. மூன்றரை வயதிலேயே அவள் தொட்டிருக்க மாட்டாள் அப்படி ஒரு புத்தகத்தை.

கௌதமி விரலை வைத்தாள். "த... கே... கேட்... ஈஸ்..." என்று எழுத்துக் கூட்டினாள். இரண்டாவது வரியில் நின்று ஃபேனைப் பார்த்தாள். அந்த அறையில் ஃபேன் இல்லை. வெறும் கூரையைப் பார்த்தாள். ஸ்டெல்லா மிஸ் என் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பது போலத் தலையை அசைத்தார். சின்ன நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன்.

"போதும்மா. இனிமே அட்ஜஸ்ட் வேணாம். படி."

அவள் மிஸ்ஸைப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்து கிசுகிசுத்தாள்.

"எத்தினி தப்புப்பா?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வேணாம் கண்ணு."

முதல் பக்கத்தை மறுபடியும் விரல் வைத்துத்தான் படித்தாள். மெதுவாக, ஆனால் தப்பில்லாமல். இரண்டாவது பக்கத்திலும் விரல் இருந்தது. நாலாவது பக்கம் திருப்பும்போது விரல் திரும்பி வரவில்லை. அப்புறம் பூனை ஓடியது, பால் கொட்டியது, கதை முடிந்தது. பிள்ளை நிற்கவில்லை. பின்னட்டையில் பொடி எழுத்தில் ஆசிரியர்களுக்கு என்று போட்டிருந்ததையும் படித்தாள். குழந்தை தவறு செய்தால் பொறுமையாகத் திருத்துங்கள் என்று இங்கிலீஷில் இருந்ததை, ஸ்டெல்லா மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தபடி, புத்திமதி சொல்வது போலப் படித்து முடித்தாள்.

மிஸ் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். பிறகு அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, "எந்த ஊரு சார் நீங்க?" என்றார். தங்கவயல் என்றேன், ரயிலில் எழுந்து நின்ற கதையையும் சொன்னேன். "அதான பார்த்தேன்" என்றார். அவரும் அங்கே பிறந்தவராம். நான் வந்த அதே ரயிலில் பதினோரு வருஷம் வந்து போனவராம்.

"நானும் எழுந்து எழுந்து நின்னவதான் சார். நம்ம சீட்ட நாம விட்டுக் குடுக்கலாம், அது நம்ம இஷ்டம். புள்ள சீட்ட விட்டுக் குடுக்க நாம யாரு?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டு வாங்கும்போதும் ஒரு நிம்மதி இருக்க முடியும் என்பது தெரிந்தது.

அதன் பிறகு எல்லாம் எளிதாகவே நடந்தது. சவிதா மிஸ்ஸிடமும் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு சிரித்தார். ஒரே தாவலில் மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். படிப்பது எட்டு வயதுக்குச் சமம் என்றாலும், டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை என்றால் அழுகிற வயது ஐந்தரைதான். அந்த வயதுக்காரர்களோடுதான் அது மண்ணில் புரள வேண்டும். சவிதா மிஸ் ஒரு வழி சொன்னார். மேஜைக்குள் அவளுக்கென்று ஒரு புத்தகம் எப்போதும் இருக்கும். மற்றவர்கள் படிக்கும்போது அவள் அதைப் படிக்கலாம். அவள் முறை வந்தால் அவள் வேகத்தில், அவள் குரலில் படிக்கலாம். அடுத்தவர் வரியை மட்டும் முடிக்கக் கூடாது. முதல் நாளிலேயே அவர் கேட்டது இதைத்தான். இடையில் புகுந்து குட்டையைக் குழப்பியவன் நான்.

எனவே நண்பரே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் இந்த அனுபவஸ்தன் சொல்வதைக் கேளுங்கள். ஓட வைக்க வேண்டாம். ஓடுவதைத் தடுக்கவும் வேண்டாம். கை நிறையப் புத்தகம் கொடுங்கள், கேள்வி கேட்காதீர்கள், உறவுக்காரர் வந்தால், எங்கே படித்துக் காட்டு என்று பிள்ளையிடம் நீட்டுவதற்குள் செய்தித்தாளை ஒளித்து வையுங்கள். டீச்சர் என்ன கேட்கிறார் என்பதை, உங்கள் பழைய பயங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கெடுத்ததையும் மீறி கௌதமி நன்றாகத்தான் வந்திருக்கிறாள். இன்று அவளுக்கு நாலு மொழியில் படிக்க வரும். இர்ஃபான் இன்னும் அவளுக்கு நண்பன். அவன் இப்போது அவளைவிடப் பெரிய புத்தகமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறான்.

இவ்வளவு பேசியவன் ஒன்றை மட்டும் வெட்கத்தால் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்த ஸ்பெஷல் கிளாஸில், பிள்ளை வீட்டில் படிப்பதை வாரம் ஒரு தடவை செல்போனில் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அத்திபெலே போவதற்கு முன்னால் ஐந்து வாரம் நான் சிரத்தையாக எடுத்து அனுப்பினேன். அந்த ஐந்தும் எங்களிடம் இருக்கின்றன.

அவள் வாய்விட்டுப் படித்த காலம் அதற்குப் பிறகு அதிகம் நீடிக்கவில்லை. சங்கராந்திக்குள் முன்பல் இரண்டும் விழுந்து பேச்சு மாறிவிட்டது. இரண்டாம் வகுப்பில் உதடு அசையாமல் படிக்கப் பழகினாள். இப்போது அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே படிக்கிறாள் என்பது பக்கம் திரும்பும் சத்தத்தில்தான் தெரியும். ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களைச் சுவரில் சாய்ந்தபடி கடகடவென்று படித்துத் தள்ளிய அந்தக் குரலை நாங்கள் பதிவு செய்து வைக்கவில்லை. தினமும் வீட்டில் கேட்கிறதை யார் பதிவு செய்வார்கள்? அந்த வயதுக் குரல் மிச்சமிருப்பது இந்த ஐந்து வீடியோவில் மட்டும்தான். ஐந்திலும் அவள் விரல் வைத்துத் திக்கித் திக்கிப் படிக்கிறாள். ஐந்திலும், ஒவ்வொரு தப்புக்கும் பின்னால், போனைப் பிடித்திருக்கிறவனின் குரல் சந்தோஷமாகக் கேட்கிறது. "சூப்பர் கண்ணு. அப்டித்தான்."